புதுப்பிப்பு: கம்போங் குவாந்தான் மின்மினிக்கு எந்த ராத்திரி போகலாம்?
மலேசியாவின் கோல சிலாங்கூரில், கம்போங் குவாந்தான் கிராமத்து ஆற்றங்கரை மரங்களில் மினுக்கும் மின்மினிகளை ராத்திரியில் படகில் போய்ப் பார்ப்பது பற்றி முன்பு எழுதியதற்கு, "போனோம், ஒன்றும் பளிச்சென்று தெரியலையே" என்று சிலர் சொன்னார்கள். பெரும்பாலும் நிலா வெளிச்சம்தான் காரணம். அமாவாசையை ஒட்டிப் போங்கள். கோலாலம்பூரிலிருந்து சாயங்காலம் 6 மணிக்குள் கிளம்பினால் போதும். 8 மணிக்கு மேல்தான் நல்ல இருட்டு.

மோட்டார் படகைவிடத் துடுப்புப் படகே மேல். மின்மினிகள் கூடும் பெரெம்பாங் என்ற ஆற்றங்கரை மரத்தை ஒட்டிச் சத்தமில்லாமல் நகரும். ஆண் பூச்சிகள் நொடிக்கு ஏறக்குறைய 3 முறை, கிளை முழுக்க ஒரே தாளத்தில் மினுக்கும். பிளாஷ் அடித்தால் தாளம் கலையும். கைப்பேசியில் படமும் சரியாக விழாது, ஆசையை விட்டுவிடுங்கள்.

மின்மினி வாழ மரம் மட்டும் இருந்தால் போதாது. இதன் புழு கரையோரச் சிறு நத்தைகளைத் தின்று வளர்வது. பின்னாலுள்ள ஈரப் புதரை வெட்டினால் பூச்சியும் குறையும்.