புது மின்சார கார்: இப்போதே புக் செய்யலாமா, பொறுக்கலாமா?

வணக்கம் நண்பர்களே, அறிமுக வீடியோ வந்ததிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். மகள் உடனே புக் செய்யச் சொல்கிறாள், அப்பா முதல் வருட வண்டியை நம்பாதே என்கிறார், எனக்கு இரண்டுமே நியாயமாகப் படுகிறது.

ஒரு சார்ஜில் 500 கிலோமீட்டர் என்பது டபிள்யூஎல்டிபி (WLTP) என்கிற ஆய்வகச் சோதனைக் கணக்கு. நெடுஞ்சாலையில் 110 வேகத்தில் போனால் காற்றின் எதிர்ப்பு கூடி அது நன்றாகவே குறையும், சரி, ஆனால் நிஜத்தில் எவ்வளவு குறைகிறது என்று மின்சார கார் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம் பேட்டரி. அடிப்படை மாடலில் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை), மேல் மாடலில் என்எம்சி (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் சேர்ந்த லித்தியம் வகை). எல்எஃப்பி அதிக தடவை சார்ஜ் ஏற்றித் தாங்கும், 100 சதவீதம் வரை தயங்காமல் ஏற்றலாம், ஆனால் அதே எடைக்குச் சேமிக்கும் மின்சாரம் குறைவு, குளிரில் மெதுவாகத்தான் ஏறும். நீண்ட காலம் வைத்திருக்கப் போகிறேன் என்பதால் என் மனசு எல்எஃப்பி பக்கம்தான். 2010-இல் வந்த நிசான் லீஃபில் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது, வெப்பமான இடங்களில் அதன் திறன் சீக்கிரமே குறைந்தது, அதனால் குளிரூட்டலைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கப் போகிறேன்.

சோதனை ஓட்டத்தில் வேறு எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? பேட்டரி உத்தரவாதத்தில் எந்த நிபந்தனையை விடாமல் படிக்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.