லீச்சிங்: வேதிக்கழுவுதலா, கரைத்தெடுத்தலா, இறக்கலா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கான கனிமப் பதப்படுத்தல் நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். உடைத்தல், அரைத்தல், நுரை மிதப்பு வரை தடையின்றி வந்துவிட்டேன். ஏழாம் அதிகாரம் முழுவதும் 'லீச்சிங்' பற்றியது, அதாவது தாதுவில் உள்ள உலோகத்தை ஒரு நீர்மத்தில் கரையவைத்துப் பிரிக்கும் முறை பற்றியது. அங்கேதான் நின்றுவிட்டேன். வரும் வெள்ளிக்கிழமை கோப்பு அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

பள்ளிப் பாடநூலில் உள்ள 'வேதிக்கழுவுதல்' என்ற சொல்லையே முதலில் எடுத்தாண்டேன். முதல் பத்தியிலேயே இடறியது. 'கழுவிய தாது' என்று எழுதினால், அது அழுக்கு நீங்கிய தாதுவா, தங்கத்தை இழந்து எஞ்சிய பொடியா என்று படிப்பவருக்கு விளங்கவில்லை. மேலும், இந்த அதிகாரத்துக்கு ஒரு வினைச்சொல் மட்டும் போதாது. கரைப்பதற்காக ஊற்றும் நீர்மம், உலோகத்தைச் சுமந்து வெளிவரும் நீர்மம், கடைசியில் மிஞ்சும் பொடி, குவியலாகக் கொட்டிச் செய்யும் முறை, நுண்ணுயிர்களைக் கொண்டு செய்யும் முறை என ஒரு சொற்குடும்பமே வேண்டியிருக்கிறது.

— மொழிபெயர்ப்பாளர், சேலம்

•

வணக்கம் ஐயா.

'வேதிக்கழுவுதல்' மாணவர் நாவில் ஏறிவிட்ட சொல். சயனைடு, அம்மோனியா, காரம், அமிலம் என்று நான்கு வகையாகப் பிரித்து மேல்நிலை வகுப்பில் நடத்துகிறோம். அலுமினியத் தாதுவான பாக்சைட்டை அழுத்தக்கலனில் சூடான சோடியம் ஹைட்ராக்சைடுடன் சேர்க்கும்போது அலுமினியம் கரைசலுக்குள் போய்விடுகிறது, இரும்பு ஆக்சைடு செஞ்சேறாக அடியில் தங்கிவிடுகிறது என்று 1888ஆம் ஆண்டின் பேயர் முறையை விளக்கும்போது இந்தச் சொல்லைத்தான் சொல்கிறேன். ஒரு மாணவியும் குழம்பியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பெயர், பாலிடெக்னிக்கில் வேறொரு பெயர் என்றால் இரண்டும் வெவ்வேறு முறைகள் என்றே பிள்ளைகள் நினைப்பார்கள். கலைச்சொல்லுக்கு அழகைவிட நிலைபேறு முக்கியம்.

— வேதியியல் ஆசிரியை, திருநெல்வேலி

•

அம்மா அவர்களின் கவலை நியாயமானது. ஆனாலும் தவறாகப் பொருந்திய சொல் நிலைபெற்றுவிட்டது என்பதற்காக அதைச் சரியென்று ஏற்க முடியாது. பாத்திரத்தைக் கழுவுகிறோம், காலைக் கழுவுகிறோம்; எதைக் கழுவுகிறோமோ அதை வைத்துக்கொண்டு, கழுவிய நீரைக் கொட்டிவிடுகிறோம். அரிசி களைந்த கழுநீர்கூட மாட்டுத் தொட்டிக்குத்தான் போகிறது. இங்கோ நீர்தான் செல்வம்.

'அரித்தல்' என்ற வினையை நினைத்துப் பாருங்கள். அரிக்கன்சட்டியில் அரிசியிலிருந்து கல்லை அரித்து நீக்குகிறோம். நகைக்கடைத் தெருவின் மண்ணைக் கூட்டி அள்ளிப்போய் நீரில் அலசித் தங்கத் துகளைத் தேடுபவர்களுக்கு அரிப்புக்காரர் என்றே பெயர். 'அரிசி' என்ற சொல்லையே அரி என்னும் வேரோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. இதன் உடன்பிறப்பாக நிற்பது 'கொழித்தல்'. முறத்தில் நொய்யைக் கொழிக்கிறோம். பொன்கொழிக்கும் ஆறு என்கிறோம். ஆற்றின் அலை பொன்னைக் கரையில் ஒதுக்குவதும், முறம் குறுணையைப் பிரிப்பதும், பொன்மணல் சட்டியின் அடியில் படிவதும் ஒரே அசைவு என்று கண்டுதான் நம் முன்னோர் மூன்றுக்கும் ஒரே வினையை வைத்தார்கள். ஆகவே 'அரித்தெடுப்பு' என்பதே வேரும் வழக்கும் உடைய சொல் என்பது என் துணிபு.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

•

ஐயா, நீங்கள் காட்டிய இரண்டு வினைகளும் எனக்குப் பிடித்தவை. 'கொழித்தல்' என்பதை எடைவேறுபாட்டால் பிரிக்கும் முறைக்கு இன்றே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் லீச்சிங்குக்கு இரண்டுமே பொருந்தா, ஏனென்றால் அவை துகளைத் துகளிலிருந்து பிரிப்பவை. அங்கே எந்தப் பொருளும் வேறொன்றாக மாறுவதில்லை. மேலும் 'அரிப்பு' என்றால் மண்ணரிப்பும் தோல் அரிப்பும் உலோக அரிமானமும் முன்னே வந்து நிற்கும்.

லீச்சிங்கில் நடப்பதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். ஒரு டன் பாறையில் சில கிராம் தங்கமே இருக்கும். அதுவும் கண்ணுக்குப் புலப்படாத நுண்துகளாக இருக்கும். அரைத்த பொடியில், பத்தாயிரத்தில் சில பங்கே சயனைடு உள்ள கரைசலைச் சேர்த்துக் காற்றை ஊட்டினால், ஆக்சிஜனின் துணையோடு தங்கம் சயனைடுடன் இணைந்து, நீரில் கரையும் அணைவுச் சேர்மமாகிக் கரைசலுக்குள் போய்விடும். காற்று இல்லையென்றால் வினை நின்றுவிடும். கரைசலின் பி.எச். அளவு தாழ்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு என்னும் நச்சு வாயு கிளம்பும். அதனால்தான் சுண்ணாம்பு சேர்த்து அதைப் பத்துக்கு மேல் வைத்திருக்கிறார்கள். பிறகு துத்தநாகத்தைச் சேர்த்துத் தங்கத்தைத் திரும்பப் பெறுகிறார்கள். 1887இல் கிளாஸ்கோவில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் காப்புரிமை பெற்ற இந்த முறையில், கல்லுக்குள் இருந்த பொருள் நீருக்குள் இறங்கிவருகிறது என்பதே உயிர்நாடி.

'இறங்குதல்' என்பதை எண்ணித்தான் சொன்னேன். ஃபில்டரில் காப்பிப் பொடியைப் போட்டு, மேலே தட்டை வைத்து, வெந்நீரை ஊற்றிவிட்டு 'டிகாக்‌ஷன் இறங்கிவிட்டதா?' என்று கேட்கிறோமே, அது சமையலறையில் நடக்கும் லீச்சிங்தான். பொடியை அழுத்தி அடைத்தால் நீர் தேங்கி நின்றுவிடும். தளர்வாக விட்டால் சத்தை எடுக்காமலே ஓடிவிடும். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் செம்புத் தாதுவை விரிப்பின் மேல் மலைபோல் குவித்து, நீர்த்த கந்தக அமிலத்தைச் சொட்டுச்சொட்டாக மாதக்கணக்கில் விடும் இடங்களிலும் இதே சிக்கல்தான். நுண்பொடி மிகுந்தால் குவியல் அடைத்துக்கொள்ளும் என்பதால் பொடியை முன்னதாகவே சிறுசிறு உருண்டைகளாகத் திரட்டிக்கொள்கிறார்கள்.

ஆகவே 'இறக்கல்', 'குவியலிறக்கல்', 'நுண்ணுயிரிறக்கல்' என்று வைக்கலாம். வெளிவரும் நீர்மம் 'சாறு', எஞ்சுவது 'சக்கை'. 'கசடு' என்ற சொல்லை உருக்கு உலையின் கழிவுக்கு முன்பே கொடுத்துவிட்டோம். அதைத் திரும்பக் கேட்க முடியாது.

— உலோகவியல் பொறியாளர், பெங்களூரு

•

சுரங்கவியல் நூலில் 'இறக்கல்' கூடாது. ஆளைக் குழிக்குள் இறக்குவது, கூண்டை இறக்குவது, சுமையை இறக்குவது என்று பக்கத்துக்குப் பக்கம் அந்த வினை வேறு பொருளில் வரும். 'லீச்சிங்' என்றே எழுதிவிட்டால் என்ன? 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' என்று தொல்காப்பியமே காலத்தோடு வரும் சொல்லுக்கு வழிவிட்டிருக்கிறது. சயனைடு, பாக்சைட், ஆக்சிஜன் ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொண்டு இந்த ஒன்றிடம் மட்டும் தூய்மை கேட்பது எனக்கு விளங்கவில்லை.

— கணினி மொழியியலாளர், சென்னை

•

சயனைடும் பாக்சைட்டும் பொருட்பெயர்கள். அவை வந்தபடியே இருக்கலாம். இது செயல். செயலுக்கு நம் வினை இல்லையென்றால் அதிலிருந்து பெயரெச்சமும் வினையெச்சமும் வினைத்தொகையும் பிறவா. 'லீச் செய்யப்பட்ட', 'லீச் செய்யும்போது' என்று செய்தலைத் தாங்குகோலாக வைத்துக்கொண்டே ஒவ்வொரு வாக்கியமும் நடக்க வேண்டியிருக்கும். தொல்காப்பியர் காலத்துக்கு வழிவிட்டார். நம் சோம்பலுக்கு வழிவிடவில்லை.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

•

வணக்கம். நான் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவன். என் தாத்தா வட ஆர்க்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போனவர். நீங்கள் பேசுகிற அந்தச் 'சக்கை' எங்கள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரியும். நாங்கள் அதைச் 'சயனைடு மேடு' என்போம். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடிய பிறகும் அந்த மேடுகள் அப்படியே நிற்கின்றன. மூன்று கோடி டன்னுக்கும் மேல் இருக்கும். காற்று வீசினால் கொடியில் காயும் துணியில் சாம்பல் நிறத் தூள் படியும்; அம்மா மறுபடி அலசுவார்.

கரும்புச் சக்கையை எரிக்கலாம், காப்பிச் சக்கையைச் செடிக்குப் போடலாம். இதை ஒன்றும் செய்ய முடியாது. தீங்கில்லாத வீட்டுச் சொல்லை இதற்கு வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வினைக்கு எந்தச் சொல்லை வைத்தாலும் எனக்குச் சம்மதம்.

— தங்கவயல்காரர், இப்போது ஓசூரில்

•

அனைவருக்கும் நன்றி. இன்று வியாழன் இரவு. தனிமடல் அனுப்பியவர்களில் பெரும்பாலோர், தலைப்பில் உள்ள 'கரைத்தெடுத்தல்' என்பதற்கு இசைந்திருக்கிறார்கள். யாருக்கும் முழு நிறைவில்லை. ஆனால் என்ன செய்கிறோம், எதற்காகச் செய்கிறோம் என்ற இரண்டையும் அது சொல்லிவிடுகிறது. 'குவியல் கரைத்தெடுப்பு', 'நுண்ணுயிர்க் கரைத்தெடுப்பு' என்று கிளைக்கவும் செய்கிறது. ஊற்றும் நீர்மத்தைக் 'கரைப்பு நீர்மம்' என்றும், உலோகம் சுமந்து வருவதைச் 'செறிசாறு' என்றும், உலோகம் எடுத்தபின் மிஞ்சும் நீர்மத்தை 'வெறுஞ்சாறு' என்றும் வைத்திருக்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் 'பள்ளிப் பாடநூலின் வேதிக்கழுவுதல் இதுவே' என்று அடிக்குறிப்புத் தருகிறேன். எஞ்சும் பொடிக்குச் 'சக்கை' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு 'ஆலைக்கழிவு' என்று மாற்றிவிட்டேன்.

— மொழிபெயர்ப்பாளர், சேலம்

•

அச்சுக்குப் போவதைத் தடுக்க விரும்பவில்லை. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். கரைப்பானால் பிரித்தெடுத்தல் என்ற முறை உங்கள் எட்டாம் அதிகாரத்தில் வருகிறது. செம்பு ஏறிய அமிலக் கரைசலிலிருந்து கரிமக் கரைப்பானுக்குள் செம்பை மாற்றும் முறை அது. அங்கே திண்மமே இல்லை, இரண்டுமே நீர்மங்கள். 'கரைத்தெடுத்தல்' படித்து முடித்த மாணவர் அடுத்த பக்கத்தில் 'கரைப்பானால் பிரித்தெடுத்தல்' என்பதைப் பார்த்தால் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்வார். அந்த அதிகாரத்துக்காவது வேறு வினையைத் தேடுங்கள்.

— உலோகவியல் பொறியாளர், பெங்களூரு