பழைய ஓரங்குல வரைபடத்தை ஜியோரெஃபரன்ஸ் செய்ய எந்த இலவச மென்பொருள் நல்லது?

வடவாறு:
வணக்கம். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய வரைபடம் ஒன்று ஸ்கேன் படமாகக் கையில் இருக்கிறது. அதில் உள்ள குளங்களில் எவையெல்லாம் இன்று இல்லை என்று பார்ப்பதற்காக, அதைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்த முயல்கிறேன். கியூஜிஐஎஸ்ஸில் செய்து பார்த்தேன். எல்லாமே விலகி நிற்கின்றன. இதைவிடச் சரியாகச் செய்யும் வேறு இலவச மென்பொருள் இருந்தால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை ஊர்க் கூட்டத்தில் காட்ட வேண்டியிருக்கிறது.

பழையதாள்:
எந்த வரைபடம், என்ன அளவுத்திட்டம், எத்தனை கட்டுப்பாட்டுப் புள்ளிகள் (இடம் தெரிந்த, படத்தில் குறிக்கும் புள்ளிகள்) வைத்தீர்கள், அவற்றின் ஆயத்தொலைவுகளை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எதையும் நீங்கள் குறிப்பிடவில்லை. முக்கியமாக, விலகல் தாள் முழுவதும் ஒரே திசையில் ஒரே அளவாக இருக்கிறதா, இடத்துக்கு இடம் மாறுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். இரண்டுக்கும் காரணம் வேறு.

நிழற்படம்:
காரணம் காகிதம்தான். மடித்து வைத்த தாள் ஈரத்தில் நீளும், வெயிலில் சுருங்கும். கைபேசியில் எடுத்த படமாக இருந்தால் ஓரங்களும் வளையும். மென்பொருளை மாற்ற வேண்டியதில்லை. நாற்பது புள்ளிகள் வைத்து, உருமாற்ற வகையில், படத்தை வளைத்துப் பொருத்தும் தின் பிளேட் ஸ்ப்ளைனைத் தேர்ந்தெடுங்கள். நான் எல்லாத் தாள்களுக்கும் அப்படித்தான் செய்கிறேன். பொருத்திய பின் புள்ளிகளில் எஞ்சும் பிழை சுழியமாகிவிடும்.

கரைவழி:
கணினியில் எதையும் நிறுவ விருப்பமில்லை என்றால் மேப் வார்ப்பர் இருக்கிறது. படத்தை ஏற்றி, உலாவியிலேயே இருபுறமும் புள்ளிகளை வைத்துவிடலாம். படம் ஏற்கெனவே ஏதாவது நூலகத்தின் தளத்தில் டிரிபிள்ஐஎஃப் (நூலகங்கள் படங்களை இணையத்தில் பகிரும் பொது வடிவம்) வடிவில் இருந்தால் ஆல்மேப்ஸ் இன்னும் எளிது. கூட்டத்தில் காட்டுவதற்கு இவையே போதும்.

வடவாறு:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். சர்வே ஆஃப் இந்தியாவின் 58 என்/1 தாள், ஒரு மைலுக்கு ஓரங்குலம். சுதந்திரத்துக்கு முந்தைய பதிப்பு. தட்டை ஸ்கேனரில் எடுத்தது. நான்கு மூலைகளிலும் அச்சிட்டிருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகைகளைத் தட்டச்சு செய்தேன். ஆயத்தொலைவு முறை 4326, உருமாற்றம் பாலினோமியல் 1 (படத்தை வளைக்காமல் நேர்கோட்டிலேயே பொருத்துவது). பிழை ஓரிரு பிக்சல்தான் காட்டுகிறது. ஆனால் எல்லா ஊர்களும் ஒரே பக்கமாக ஏறத்தாழ 200 மீட்டர் தள்ளி விழுகின்றன.

முக்கோணம்:
இதை முதலிலேயே எழுதியிருந்தால் இத்தனை பேர் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அடிப்படையைப் படிக்காமல் மென்பொருளைக் குறை சொல்லும் பழக்கத்தை இங்கே பலரிடமும் பார்க்கிறேன். உங்கள் தாள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பழைய பூமி வடிவ மாதிரியின் மேல், மத்தியப் பிரதேசத்துக் கல்யாண்பூரை ஆதாரமாகக் கொண்டு கணக்கிடப்பட்டது. 4326 என்பது ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84. இரண்டிலும் 79 டிகிரி கிழக்கு என்பது தரையில் ஒரே இடம் அல்ல. நீங்கள் சொல்லும் 200 மீட்டர் இந்த அளவுத்திட்டத்தில் மூன்று மில்லிமீட்டர். காகிதம் எல்லா இடத்திலும் ஒரே திசையில் மூன்று மில்லிமீட்டர் நகராது. கியூஜிஐஎஸ்ஸின் ஜியோரெஃபரன்சர் அமைப்பில் இலக்கு ஆயத்தொலைவு முறையை ஈபிஎஸ்ஜி (இம்முறைகளுக்கு எண் தரும் பட்டியல்) 4146, அதாவது கல்யாண்பூர் 1975 என்று மாற்றி, அதே மூலைப் புள்ளிகளை வைத்து மீண்டும் ஓட்டுங்கள். செயற்கைக்கோள் படத்தோடு பொருத்துவதைக் கியூஜிஐஎஸ் தானே பார்த்துக்கொள்ளும்.

நிழற்படம்:
தின் பிளேட் ஸ்ப்ளைன் போட்டால் நீள்கோளம், ஆதாரப் புள்ளி என்ற இந்த டேட்டம் கணக்கெல்லாம் தேவையே இல்லை. செயற்கைக்கோள் படத்தில் தெரியும் இடங்களையே புள்ளிகளாக வைத்தால் முடிந்தது.

பழையதாள்:
அதில் எனக்கு உடன்பாடு இல்லை. தின் பிளேட் ஸ்ப்ளைன் நாம் வைக்கும் ஒவ்வொரு புள்ளியின் வழியாகவும் படத்தை வளைத்துச் செல்லும் முறை. ஒரு புள்ளியைத் தவறான கோயிலின் மேல் வைத்தாலும் பிழை சுழியம் என்றே காட்டும். சுற்றியுள்ள குளங்கள் மட்டும் இழுபட்டுப் போகும். இங்கே கேள்வியே ஒரு குளம் எங்கே இருந்தது என்பதுதான். பாலினோமியல் 1க்கு மூன்று புள்ளிகள் போதும் என்றாலும், உள்ளே ஓடும் அட்ச, தீர்க்கக் கோடுகள் வெட்டும் இடங்களையும் சேர்த்து வைத்தால், எந்தப் புள்ளி தவறு என்று எஞ்சும் பிழையே காட்டிக்கொடுக்கும்.

நிழற்படம்:
நசிந்துபோன தாள்களில் வேலை செய்து பார்த்தால்தான் என் கருத்து புரியும். நேர்கோட்டு உருமாற்றம் அவற்றைக் காப்பாற்றாது.

பழையதாள்:
நசிந்த தாளுக்கு ஒப்புக்கொள்கிறேன். இவருடையது அப்படிப்பட்டதல்ல. வடவாறு, சரிபார்ப்பதற்கு ஆற்றின் கரையை எடுக்காதீர்கள். வெண்ணாறும் வடவாறும் தங்கள் கரைகளை மாற்றியிருக்கலாம். இந்தத் தாளில் தஞ்சைப் பெரிய கோயில் வருகிறது, அதன் விமானத்தைப் பாருங்கள். தென்னிந்தியாவை அளந்த லாம்ப்டன் 1808இல் தமது பெரிய தியோடலைட்டை (கோணம் அளக்கும் கருவி) அந்தக் கோயிலின் மேல் ஏற்றும்போதுதான் கயிறு அறுந்து கருவி அடிபட்டது. தென்னாட்டின் முக்கோண அளவையில் பல கோபுரங்கள் நிலையங்களாக இருந்தன என்பதால், அளவையர்கள் மிகக் கவனமாகக் குறித்த இடங்கள் அவை. பெரிய கோயிலைக் கட்டுப்பாட்டுப் புள்ளியாகச் சேர்க்காமல் சோதனைக்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

தென்கரை:
இவரிடம் இருப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாளாக இருந்தால்? அந்தக் காலத்து வரைபடங்களில் சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகையே பிழையாக எடுக்கப்பட்டிருந்தது. தாளின் அடியில் அதைத் திருத்திக்கொள்ளச் சொல்லும் குறிப்பு இருக்கும்.

முக்கோணம்:
அந்தத் திருத்தம் கோண அளவில் இரண்டு நிமிடங்களுக்கு மேல். தஞ்சையில் அது ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர். இவருடைய விலகலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கரைவழி:
ஒன்று சேர்க்கிறேன். புதிய பதிப்புகளில் ஜியோரெஃபரன்சர் ராஸ்டர் பட்டியலில் இல்லை, 3.26 முதல் லேயர் பட்டியலுக்கு மாற்றிவிட்டார்கள். பழைய காணொளிகளைப் பார்த்துத் தேடுகிறவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். குளத்தின் பரப்பை அளக்கப் போகிறீர்கள் என்றால், பொருத்திய படத்தைப் பிறகு மீட்டரில் அளக்கும் ஈபிஎஸ்ஜி 32644க்கு மாற்றிக்கொள்ளுங்கள். டிகிரியில் பரப்பு அளக்க முடியாது.

வடவாறு:
4146 போட்டவுடன் சரியாகிவிட்டது. பெரிய கோயில் விமானத்தின் மேலேயே குறியும் விழுகிறது. எங்கள் ஊருக்குத் தெற்கே வரைபடத்தில் உள்ள இரண்டு குளங்களில் ஒன்று இப்போது வீட்டுமனைகளாக இருக்கிறது. கிழக்குக் கரை மட்டும் தெருவின் வளைவாக மிஞ்சியிருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.