மாமா பசங்க குரூப்: டிவிடி வீடியோவுல சீப்புப் பல்லு

தீபன்: அண்ணா, அனிமே சீன் வச்சு ஒரு பாட்டு வீடியோ எடிட் பண்றேன். டிவிடில இருந்து எடுத்த கிளிப்புல கை அசைஞ்சாலே ஓரமெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி கோடு. எடிட்டர்ல டீஇன்டர்லேஸ் (அந்தக் கோட்டை அழிக்கற வசதி) டிக் போட்டா கோடு போயிடுது, ஆனா படம் மங்கிப்போய் விட்டுவிட்டு ஓடுது 😭

பிரபு: முதல்ல அந்த டிக்கை எடு. டிஸ்க் எந்த ஊர்து?

தீபன்: ஒண்ணு அமெரிக்காவுல வாங்கினது. இன்னொண்ணு லண்டன் சித்தி கொண்டுவந்தது.

சுதா: அப்போ ரெண்டும் வேற வேற வியாதி. அமெரிக்க டிஸ்க் என்டிஎஸ்சிங்கற டிவி முறை, 720 × 480, வினாடிக்கு 29.97 ஃப்ரேம். லண்டன் டிஸ்க் பால் (PAL)ங்கற முறை, 720 × 576, 25 ஃப்ரேம். ஒரே மாத்திரையை ரெண்டுக்கும் கொடுக்காதே.

பிரபு: அமெரிக்க டிஸ்க்கை முதல்ல பார்ப்போம். பிளேயர்ல டீஇன்டர்லேஸை ஆஃப் பண்ணு. கேமரா பக்கவாட்டுல நகர்ற சீன் ஒண்ணு எடுத்து ஃப்ரேம் ஃப்ரேமா தள்ளி எண்ணு. எத்தனை சுத்தம், எத்தனை கோடு?

தீபன்: மூணு சுத்தம், ரெண்டு கோடு. மறுபடி மூணு, ரெண்டு. கடைசி வரைக்கும் அப்படியேதான்.

பிரபு: அப்போ டெலிசின். அனிமே பெரும்பாலும் 24 ஃப்ரேம் கணக்குல செஞ்சது. அதை 30க்கு இழுக்க, ஒரு ஃப்ரேமை 2 ஃபீல்டு (ஒரு கோடு விட்டு ஒரு கோடா இருக்கற பாதிப் படம்), அடுத்ததை 3 ஃபீல்டுன்னு மாத்தி மாத்தி வச்சிருக்காங்க. 4 ஃப்ரேம் 10 ஃபீல்டாகி 5 ஃப்ரேமா நிக்குது. அந்த அஞ்சுல ரெண்டுல மட்டும் மேல் ஃபீல்டு ஒரு ஃப்ரேமோடது, கீழ் ஃபீல்டு பக்கத்து ஃப்ரேமோடது. அதுதான் உன் சீப்பு.

சுதா: அதாவது அசல் படம் முழுசா உள்ளேயே இருக்கு, இடம் மாறி உக்காந்திருக்கு, அவ்வளவுதான். உன் டிக் பாதி கோட்டைத் தூக்கிப் போட்டுட்டு மீதியை இழுத்து நிரப்புது. அதான் மங்கல். நடுவுல சேர்த்த அஞ்சாவது ஃப்ரேம் அப்படியே இருக்கறதால ஓட்டமும் விட்டுவிட்டு வருது. உனக்கு வேண்டியது டீஇன்டர்லேஸ் இல்லை, இன்வெர்ஸ் டெலிசின், அதாவது அந்த இழுப்பைத் திருப்பி அசல் ஃப்ரேமை எடுக்கறது.

தீபன்: எதுல பண்றது?

பிரபு: ஏவிசிந்த், ஸ்கிரிப்ட் எழுதி வீடியோவைச் சரி பண்ற மென்பொருள். மேக்எம்கேவி (டிஸ்க்கை ஃபைலா மாத்தறது) வேண்டாம், டிஸ்க்ல இருக்கற வாப் வீடியோ ஃபைல்களை வரிசை மாறாம டிஜிஇன்டெக்ஸ்ங்கற கருவில ஏத்து. ஃபீல்டு ஆபரேஷன்ல "ஹானர் புல்டவுன் ஃபிளாக்ஸ்" வை. ஸ்கிரிப்ட் மூணே வரி: எம்பெக்2சோர்ஸ், டிஎஃப்எம், டிடெசிமேட். டிஎஃப்எம் பிரிஞ்ச ஃபீல்டுகளை ஜோடி சேர்க்கும், டிடெசிமேட் அஞ்சுல ஒண்ணை எடுக்கும். 23.976 வரும்.

சுதா: அனிமேக்கு டிடெசிமேட்ல மோட் 1 போட்டுப் பாரு. வரையறதே பல இடத்துல 2 ஃப்ரேமுக்கு ஒரு படம், 3 ஃப்ரேமுக்கு ஒரு படம்தான். ஏற்கெனவே ஒரே மாதிரி ஃப்ரேம் நிறைய இருக்கறதால, எது சேர்த்தது, எது அசல்னு அது குழம்பும்.

தீபன்: எஃப்எஃப்எம்பெக்ல (கட்டளை கொடுத்து வீடியோ மாத்தற மென்பொருள்) முடியாதா? அது எனக்குக் கொஞ்சம் பழக்கம்.

பிரபு: முடியும். அதோட ஃபில்டர்கள்ல ஃபீல்டுமேட்ச், அப்புறம் யாடிஃப், கடைசில டெசிமேட். வரிசை மாறக் கூடாது. யாடிஃப்புக்கு டீஇன்ட் ஈக்குவல் இன்டர்லேஸ்டு கொடு, ஜோடி சேராம மிச்சமானதை மட்டும் தொடும். ஆனா டிஸ்க்ல டெலிசின் வெறும் குறியீடா இருந்தா, அதாவது ஃபீல்டைத் திருப்பிக் காட்டச் சொல்ற ஃபிளாக் மட்டும் இருந்தா, எஃப்எஃப்எம்பெக் தானா அதைச் செய்யாது. அப்போ டெசிமேட் நல்ல ஃப்ரேமையே தின்னுடும். முன்னாடி ரிப்பீட்ஃபீல்ட்ஸ் போடணும். அதனாலதான் டிஜிஇன்டெக்ஸ்னு சொன்னேன்.

சுதா: வெட்டறதுக்கு முன்னாடி முழு எபிசோடுக்கும் ஓட்டு. கிளிப்பா வெட்டிட்டு ஓட்டினா ஒவ்வொரு கிளிப்பும் அஞ்சு ஃப்ரேம் சுற்றுல வேற வேற இடத்துல ஆரம்பிக்கும், ஓரத்துல தப்பு வரும். அப்புறம் இதுக்கு முன்னாடி உயரத்தை மட்டும் மாத்திடாதே. 480ஐ 1080 ஆக்கினா ரெண்டு ஃபீல்டோட கோடும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்துடும்.

தீபன்: அச்சச்சோ. ரெண்டு கிளிப் ஏற்கெனவே பெருசாக்கி சேவ் பண்ணிட்டேன். அதுலேர்ந்து திருப்ப முடியாதா?

கமலா அத்தை: கறந்த பால் மடி புகாதுடா. டிஸ்க்லேர்ந்து திரும்ப எடு. எல்லாரும் சாப்பிட்டாச்சா?

பிரபு: 😂 அத்தை சொன்னதுதான் சரி. சாப்பிட்டாச்சு அத்தை.

தீபன்: லண்டன் டிஸ்க்ல கோடே இல்லை. ஆனா நகர்ற சீன்ல ஒருத்தரே ரெண்டு பேரா, ஆவி மாதிரி தெரியறார்.

சுதா: அதுதான் மோசமான வகை. என்டிஎஸ்சி மாஸ்டரை (மூலப் பிரதியை) பால் முறைக்கு மாத்தும்போது ஃபீல்டுகளைக் கலந்துட்டாங்க. டிஎஃப்எம் இங்கே உதவாது. ஏவிசிந்த்லயே முதல்ல கியூடிஜிஎம்சிங்கற டீஇன்டர்லேஸ் ஸ்கிரிப்ட் போட்டு வினாடிக்கு 50 ஃப்ரேம் ஆக்கு, அப்புறம் எஸ்ரிஸ்டோர்ங்கற ஸ்கிரிப்ட்ல 23.976 கேளு. கலக்காத ஃப்ரேமைத் தேடி எடுக்கும். முழுசா சுத்தமாகும்னு நம்பாதே. அதே எபிசோடு அமெரிக்க டிஸ்க்ல இருந்தா இதை ஓரம் வை.

பிரபு: பால் டிஸ்க்ல ஆவி, கோடு ரெண்டும் இல்லேன்னா அது 24ஐ 25ஆ வேகப்படுத்தினது. ஏவிசிந்த்ல அசூம்எஃப்பிஎஸ் (ஓடற வேகத்தை மாத்தற கட்டளை) 23.976 போட்டா போதும். சத்தம் படத்தோட ஒட்டாம போகும், ஆனா உனக்கு அசல் சத்தமே வேண்டாமே, மேல பாட்டுதானே ஓடப்போகுது.

தீபன்: சரி. எந்த ஃபார்மேட்ல சேவ் பண்ண?

பிரபு: யூடி வீடியோ. இழப்பில்லாதது, எடிட்டர்ல சட்டுனு நகரும். இடம் பார்த்துக்கோ. சுருக்காத 720 × 480, 23.976ல நிமிஷத்துக்கு சுமார் 746 எம்பி. சுருக்கினா குறையும், ஆனாலும் சின்ன பென் டிரைவ்ல அடங்கும்னு நினைக்காதே.

சுதா: டைம்லைனை 23.976, புரோக்ரெசிவ் (ஃபீல்டா பிரியாத முழு ஃப்ரேம்), சதுர பிக்சல்னு வை. ஃபீல்டு வரிசை "இல்லை". ஃப்ரேம் பிளெண்டிங் (பக்கத்துப் பக்கத்து ஃப்ரேமைக் கலக்கறது) ஆஃப், இல்லேன்னா நாம விரட்டின ஆவி எடிட்டர் வழியா திரும்ப வரும். டிவிடி பிக்சல் சதுரம் இல்லை. 4:3 படம்னா அகலத்தை 640 ஆக்கு, 16:9னா 854. இன்வெர்ஸ் டெலிசினுக்கு அப்புறம்தான் இதெல்லாம்.

பிரபு: ஒரு லாபமும் இருக்கு. 120 பிபிஎம் (நிமிஷத்துக்கு 120 தாளம்) பாட்டுல ஒரு தாளம் அரை வினாடி. 23.976ல அது கிட்டத்தட்ட 12 ஃப்ரேம். ஒவ்வொரு தாளத்துக்கும் வெட்டறது கை விரலால எண்ற மாதிரி.

தீபன்: ஒரு எபிசோடு ஓட்டிட்டேன். சூப்பரா இருக்கு! ஆனா முடிவுல பேர் ஓடற இடத்துல எழுத்து மட்டும் தடதடன்னு ஓடுது.

சுதா: பின்னாடி படம் 24, மேல ஓடற எழுத்து நிஜ இன்டர்லேஸ், அதாவது ஒவ்வொரு ஃபீல்டும் வேற வேற நேரத்தோடது. ரெண்டையும் ஒரே ஸ்கிரிப்ட்ல சரி பண்ண முடியாது. அந்தப் பகுதி உனக்கு எதுக்கு? எழுத்து இல்லாத இடமா எடு.

தீபன்: இன்னொண்ணு. ஒரு சீன் மாறற இடத்துல ஒரே ஒரு ஃப்ரேம்ல மட்டும் கோடு.

பிரபு: மாஸ்டரை டெலிசினுக்கு அப்புறம் வெட்டியிருக்காங்க. ஒரு ஃபீல்டு ஜோடியில்லாம நிக்குது. உன் கிளிப்பை ஒரு ஃப்ரேம் தள்ளி ஆரம்பி, போயிடும்.