புதுப்பிப்பு: லார்ட் ஆஃப் த ரிங்ஸ் படங்கள் மூன்றையும் பார்த்து முடித்தாச்சு

முதல் படத்திலேயே இரண்டு தடவை தூங்கிவிட்டேன், முன்கதையான ஹாபிட் படங்களில் இருந்து தொடங்கலாமா, எந்தப் பதிப்பு நல்லது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வெளியான வரிசையில் (2001, 2002, 2003) தியேட்டர் பதிப்பையே பார்க்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. கூடவே சப்டைட்டில். மோதிரத்தைத் தேடும் தீய சக்தியான சாரோன், அவன் பக்கம் சாய்ந்த மந்திரவாதி சாருமான் இரண்டும் ஒரே ஆள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்! முதல் படத்தில் எல்ஃப் தலைவர் எல்ரோண்ட் கூட்டும் சபை வரை ஒரு நாள், மீதி மறுநாள் என்று பிரித்ததும் தூக்கம் போயிற்று.

எதிர்பாராதது, சண்டைகளை விட, மோதிர ஆசையில் உருக்குலைந்துபோன கோலம் (Gollum) என்ற பாத்திரம் பிடித்துப்போனது. இரண்டாம் படத்தில் ராத்திரியில் தனக்குத்தானே வாதாடுவானே, அங்கே கேமரா மாறி மாறி வெட்டும்போது ஒரே முகம் இரண்டு ஆளாகத் தெரிகிறது. மூன்றாவதில் குட்டி ஹாபிட் பிப்பின் பாடப் பாட கோண்டோர் நாட்டை ஆளும் டெனெதோர் சாப்பிடுவதும், சிவப்புச் சாறு தாடையில் வழிவதும். அதன் பிறகு தட்டில் இருந்த தக்காளிச் சாதத்தை என்னால் தொட முடியவில்லை.

அப்புறம், மூன்றாம் படத்தில் சாருமான் எங்கே போனான் என்று தேடி வருபவர்களுக்கு: தியேட்டர் பதிப்பில் அவன் காட்சிகளை வெட்டிவிட்டார்கள். நீட்டித்த பதிப்பில் அவன் முடிவு இருக்கிறது. அதை மட்டும் தனியாகப் பார்த்தேன்.

மூன்றாம் படத்தின் முடிவுதான் முடியவே மாட்டேன் என்கிறது. மூன்று தடவை எழுந்து, மூன்று தடவை உட்கார்ந்தேன். ஹாபிட் இப்போதைக்கு வேண்டாம்.