பேட்டரி புதுசு, ஆனாலும் ஸ்டார்டர் டகடகவென்று தட்டுகிறது

ஜெரெஜாக் தூண்டில்:
வணக்கம் அண்ணன்மாரே. 18 அடி ஃபைபர் படகு, 60 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பினாங்கு பத்து மாவுங்கில் காலையில் இறக்கும்போது ஒரே திருப்பில் எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது பாலத்துத் தூண் பக்கம் நங்கூரம் போட்டுக் கொஞ்ச நேரம் தூண்டில் போட்டுவிட்டு, திரும்பலாம் என்று சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விட்டு மறுபடி திருப்பினால் டகடகடகவென்று தட்டுகிறது, மோட்டார் அசையாது. கொஞ்சம் பொறுத்தால் சில சமயம் ஒன்றுமே நடக்காததுபோல் எடுக்கும். போன வாரம் அதுவும் இல்லை. ஒரு பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) கயிறு போட்டு ஜெட்டி வரைக்கும் இழுத்து வந்தார், எண்ணெய்க் காசு கொடுத்தால்கூட வாங்கவில்லை.

பேட்டரிதான் என்று எல்லோரும் சொன்னதால் புதுசு போட்டாயிற்று, மாற்றமே இல்லை. கூட்டாளியின் பேட்டரியை ஜம்பர் வயரில் சேர்த்துக் கொடுத்தும் பார்த்தோம், அதே டகடக. போர்மேன் (மெக்கானிக்) ஒருவர் மோட்டார் மூடியைக்கூடக் கழற்றாமல் ‘ஸ்டார்டர் போச்சு, 850 ரிங்கிட்’ என்கிறார். மாற்றிவிடலாமா, இல்லை வேறு எதையாவது பார்க்கவேண்டுமா?

கடல்மணி:
ப்ரோ, கியர் சரியாக நியூட்ரலில் இருக்கிறதா? மோட்டாரை அவசரத்துக்கு நிறுத்தும் கில் சுவிட்ச் கயிறு மாட்டியிருக்கிறதா? எனக்கும் ஒருமுறை இப்படித்தான், கியர் லேசாக முன்னால் தள்ளியிருந்தது.

பழைய போர்மேன்:
கடல்மணி, கியர் நியூட்ரலில் இல்லையென்றால் சத்தமே வராது. நியூட்ரல் சுவிட்சும் ஃபியூசும் சாவியும் சேர்ந்துதான் சொலினாய்டுக்கு, அதாவது ஸ்டார்டருக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சுக்கு, சின்னக் கரண்டை அனுப்புகின்றன. இங்கே டக் என்று கேட்கிறது, அப்படியானால் அந்தப் பக்கம் எல்லாம் நன்றாக இருக்கிறது. கில் கயிறு பெரும்பாலான மோட்டார்களில் ஸ்பார்க்கைத்தான் நிறுத்தும், ஸ்டார்டர் சுற்றத்தான் செய்யும்.

தம்பி ஜெரெஜாக், 850ஐப் பையிலேயே வை. டகடக என்றால் பேட்டரி வீக் என்று எல்லோரும் சொல்வதில் தப்பில்லை, பாதி கதைதான் அது. சொலினாய்டு உள்ளே இழுத்துப் பெரிய கரண்டை ஸ்டார்டருக்குத் திறந்துவிடுகிறது, அந்த நொடியில் வோல்ட் சட்டென்று விழுந்துவிடுகிறது, இழுத்துப் பிடிக்கத் தெம்பில்லாமல் சொலினாய்டு விட்டுவிடுகிறது, விட்டதும் வோல்ட் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. இது செத்த பேட்டரியிலும் நடக்கும், பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் பெரிய கேபிள் அழுகியிருந்தாலும் நடக்கும். நீ இரண்டாவது பேட்டரியைச் சேர்த்தும் மாறவில்லை. ஜம்பரை எங்கே மாட்டினாய், பேட்டரி முனையில்தானே? அப்படியென்றால் அந்தக் கரண்டும் அதே கெட்ட கேபிள் வழியாகத்தான் போயிருக்கும். இதற்குப் போய்ப் பேட்டரியும் வாங்கினாய், அடுத்து ஸ்டார்டரும் வாங்கப் போகிறாய்.

இரண்டு கேள்வி. மோட்டாரைத் தூக்கி இறக்கும் டில்ட் பட்டனை அழுத்தினால் மோட்டார் வழக்கம்போல் ஏறுகிறதா, முக்கி முனகி ஏறுகிறதா? ஸ்டார்ட் அடிக்கும்போது மீன் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் திரை அணைகிறதா?

ஜெரெஜாக் தூண்டில்:
ஆமாம் அண்ணே, ஜம்பரைப் பேட்டரி முனையில்தான் மாட்டினோம். டில்ட் சோம்பேறித்தனமாகத்தான் ஏறுகிறது, வயசான மோட்டார் என்று விட்டுவிட்டேன். ஃபிஷ் ஃபைண்டர் அணைவதில்லை, ஆனால் டாஷ்போர்டில் ஆர்.பி.எம். மீட்டர் முள் துடிக்கிறது. ஃபிஷ் ஃபைண்டர் வயர் நேராகப் பேட்டரிக்குப் போகிறது.

பழைய போர்மேன்:
அது போதும். பேட்டரியில் நேராக மாட்டியது அசையவில்லை, மோட்டார் வழியாகக் கரண்டு வாங்குவது எல்லாம் தள்ளாடுகிறது, டில்ட் உட்பட. இரண்டுக்கும் பொதுவானது அந்த இரண்டு பெரிய கேபிள்கள்தான். டில்ட் பட்டென்று ஏறி ஸ்டார்டர் மட்டும் படுத்திருந்தால் சொலினாய்டையோ ஸ்டார்டரையோ சந்தேகப்படலாம்.

செனாங்கின் வேட்டை:
இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? ஸ்பேனரால் ஸ்டார்டர் தலையில் ஒரு தட்டு, சொலினாய்டு இரண்டு முனைக்கும் நடுவில் ஸ்க்ரூடிரைவரை வைத்தால் தானாகச் சுற்றும். கம்போங்கில் எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

வயரிங் பிரியன்:
தட்டுவது கார்பன் பிரஷ் சிக்கியிருந்தால் ஒரு தடவை கைகொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் நிறைய ஸ்டார்டர்களில் உள்ளே இருப்பது காந்தம், ஓங்கித் தட்டினால் உடைந்து உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஸ்க்ரூடிரைவர் வேலை வேண்டவே வேண்டாம். பக்கத்திலேயே பெட்ரோல் ஆவி, அதில் பொறி பறக்கும். நியூட்ரல் சுவிட்சையும் தாண்டிவிடுவதால், கியரில் இருப்பது தெரியாமல் வைத்தால் படகு பாய்ந்து ஆளைத் தண்ணீரில் தள்ளிவிட்டுப் போகும்.

ஜெரெஜாக், ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், மலிவானதே போதும். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ஒருவர் சாவியைத் திருப்பட்டும், நீங்கள் அளந்து பாருங்கள். முதலில் பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவில்: சும்மா இருக்கும்போது 12.6 பக்கம் இருக்கவேண்டும், ஸ்டார்ட் அடிக்கும்போது 10க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைப் பாருங்கள். அப்புறம் முக்கியமான அளவு: ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் மேலேயும் இன்னொன்றைப் பெயிண்ட் இல்லாத இடமாகப் பார்த்து மோட்டார் பிளாக் (உலோக உடம்பு) மேலேயும் வையுங்கள். இரண்டும் ஒரே எர்த் என்பதால் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டவேண்டும். ஸ்டார்ட் அடிக்கும்போது அரை வோல்ட்டைத் தாண்டினால் கேபிளோ அதன் முனையோ கெட்டிருக்கிறது. அதேபோல் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஸ்டார்டரின் பெரிய போல்ட் வரைக்கும். ஓம்ஸில் வைத்து அளந்து ஏமாறாதீர்கள், ஒரே ஒரு கம்பி இழை ஒட்டியிருந்தாலும் மீட்டர் நல்ல கேபிள் என்று சொல்லிவிடும், 100 ஆம்பியர் கேட்கும்போதுதான் அதன் வண்டவாளம் தெரியும்.

ஒரேயடியாகப் பத்து விநாடிக்கு மேல் சாவியைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், ஸ்டார்டர் சூடாகிவிடும்.

ஜெரெஜாக் தூண்டில்:
அளந்தேன். ஸ்டார்ட் அடிக்கும்போது பேட்டரி 12க்குக் கீழே போகவே இல்லை. பாசிட்டிவ் பக்கம் மீட்டர் லேசாக அசைந்தது, அவ்வளவுதான். நெகட்டிவ் முனையிலிருந்து பிளாக்குக்கு வைத்தால் டகடகவோடு சேர்ந்து எண் குதிக்கிறது, 5 வோல்ட்டையும் தாண்டிப் போகிறது! வெளியே பார்த்தால் கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது, முனையும் பளபளவென்று இருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் பேட்டரியை முன் சீட்டுக்கு அடியில் மாற்றி வைத்திருக்கிறார், மோட்டாரிலிருந்து 4 மீட்டர் தூரம்.

பழைய போர்மேன்:
பேட்டரியே சும்மா நிற்கிறதே, அப்படியானால் கரண்டு போக வழியில்லை என்று அர்த்தம். மோட்டார் பக்க முனையில் கேபிளை இறுக்கி மூடியிருக்கும் கருப்பு ஷ்ரிங்க் டியூபைக் கத்தியால் கீறிப் பார். என் அனுமானம், உள்ளே பச்சைக் களிம்பு.

ஜெரெஜாக் தூண்டில்:
அண்ணே, கீறினால் பச்சை மாவாகக் கொட்டுகிறது. லக் (கேபிள் முனை வளையம்) கையோடு வந்துவிட்டது. ரப்பருக்கு உள்ளே ஒரு முழம் வரைக்கும் கம்பி கருத்துப்போய் இருக்கிறது. வெல்டிங் கேபிள் போலத் தெரிகிறது. இந்த முனையை மட்டும் வெட்டிப் புது லக் அடித்தால் போதுமா?

வயரிங் பிரியன்:
போதாது. வெல்டிங் கேபிளில் கம்பி முடிபோல மெலிசு, வெறும் செம்பு, உப்புத்தண்ணீர் திரிபோல உள்ளே ஏறிக்கொண்டே போகும். நீங்கள் பார்த்தது ஒரு முழம், அதற்கு அந்தப் பக்கம் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறதோ. இரண்டு கேபிளையும் மாற்றுங்கள், பாசிட்டிவும் அதே வயசுதானே. படகுக்கென்று விற்கும் தகரம் பூசிய செம்புக் கேபிள் வாங்குங்கள், 4 மீட்டர் தூரத்துக்கு 35 சதுர மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். லக்கைச் சுத்தியலால் நசுக்காமல் ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்தச் சொல்லுங்கள், மேலே பசை உள்ள ஷ்ரிங்க் டியூப் போடுங்கள். பேட்டரியில் பட்டாம்பூச்சி நட் இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு லாக் நட் போடுங்கள், அலையில் அது தானாகத் தளரும்.

ஜெரெஜாக் தூண்டில்:
இரண்டும் மாற்றியாயிற்று. தொட்டதும் எடுக்கிறது, டில்ட் இவ்வளவு வேகமாக ஏறும் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. நெகட்டிவில் இப்போது 0.2 வோல்ட். கடைக்காரர் ஒரு மெயின் சுவிட்சும் போடச் சொன்னார், போடலாமா?

பழைய போர்மேன்:
போடு, பாசிட்டிவ் பக்கம், 200 ஆம்பியருக்கு மேல் தாங்குவதாகப் பார்த்து. மோட்டார் ஓடும்போது மட்டும் அதை அணைக்காதே, சார்ஜ் போக இடமில்லாமல், பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ரெக்டிஃபையர் எரிந்துவிடும்.