கருங்கரடிக் களப்பணி: இன்னும் மனசை உறுத்தும் ஒரு காட்சி சொல்லுங்க

முள்கம்பி:
அமெரிக்காவின் ஸ்மோக்கி மலை, ரோமப் பொறி (மரங்களைச் சுற்றி முள்கம்பி கட்டி, நடுவில் வாசனை வைத்து, நுழையும் கரடியின் முடியைப் பிடிப்பது), மூன்றாவது வாரச் சோதனை. ஒரே முள்ளில் இரண்டு கற்றை முடி. ஒன்று பளபளவென்று புதுசு, இன்னொன்று வெளிறி, மழையில் ஒட்டிப்போனது. போன வாரம் முடி எடுத்தவர் முள்ளைச் சுட்டு மிச்ச முடியை எரிக்காமல் விட்டிருக்கிறார். ஒரு கரடிக்கு ஒரு மரபணு இடத்தில் அதிகபட்சம் இரண்டு வடிவம்தான் இருக்க முடியும். ஆய்வகத்தில் மூன்று தெரிந்தால் இரண்டு கரடி கலந்துவிட்டது என்று அர்த்தம், மாதிரி வீண். அதனால் ஒரு முள்ளுக்கு ஒரு காகித உறை. மேலே பொறி எண், முள் எண், தேதி. சருகை ஒதுக்கிவிட்டு முள்ளையும் இடுக்கியையும் லைட்டரில் சுடணும். பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேண்டாம், ஈரம் அடைபட்டு வேரில் உள்ள டிஎன்ஏ சிதைந்துவிடும். வேர் இல்லாமல் அறுந்து வந்த முடி கைநிறைய இருந்தும் பெரிதாகப் பயனில்லை.

ஓக்கொட்டை:
கம்பி உயரத்தைச் சொல்லாமல் விட்டுட்டீங்களே முள்கம்பி, பாதிப் பேர் கோட்டை விடுவது அங்கேதான். கரடியை இழுக்க வைத்த வாசனைத் துணி பிய்ந்து கிடக்குது, சேற்றில் ஐந்து விரல் தடம் அச்சாகப் பதிஞ்சிருக்கு, நாலு மரம் சுற்றிய கம்பியில் ஒற்றை முடி இல்லை! சுமார் 50 செ.மீ. உயரம் என்று மரத்தடியில் மட்டும் அளந்து கட்டியிருந்தாங்க. இரண்டு மரத்துக்கும் நடுவில் தரை பள்ளம். கரடி குனியாமலே நுழைஞ்சிருக்கு. அளவுகோலை வைத்துக்கொண்டு கம்பி நெடுகிலும் நடக்கணும், காட்டில் விழுந்து கிடக்கும் கட்டைகளைப் போட்டுப் பள்ளத்தை அடைக்கணும், மேடு இருந்தால் கொத்தி இறக்கணும். கம்பி தொய்ந்திருந்தால் முதுகோடு வளைந்து கொடுக்கும், முள் முடியைப் பிடிக்காது.

குகைவாசல்:
மினசோட்டா மாநிலம், மார்ச் மாதம், பனிக்குக் கீழே கரடி உறங்கும் குகை. தாயை மயக்கி, குட்டிகளை எடை பார்க்கும் வேலை. உள்ளிருந்து ஒரு ரீங்காரம், பக்கத்து வீட்டில் தையல் மெஷின் ஓடுவது மாதிரி. குட்டிகள் பால் குடிக்கும்போது எழுப்பும் சத்தம் அது. கேட்டவங்களுக்கு மறக்காது. அது கேட்டால் உள்ளே இந்த வருஷக் குட்டிகள் உண்டு. கேட்காவிட்டால் போன வருஷத்துக் குட்டிகளாக இருக்கலாம். தாய் பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் ஈனும், ஒரு வயசுக் குட்டிகளும் அதோடு சேர்ந்தே உறங்கும். அப்போது தாய்க்கு மட்டும் மயக்க ஊசி போட்டால் போதாது. வாசலில் ஒரு பையையாவது அடைத்து வைக்காவிட்டால் குட்டி பாய்ந்து ஓடிடும்.

ஊசி போடுவது பயிற்சி பெற்றவர் வேலை, மாணவர் கை அதில் படாது. தாய்க்கு மயக்கத்தில் இமை மூடாது. கண்ணில் களிம்பு தடவி, துணியால் மூடணும். மூச்சையும் உடல் வெப்பத்தையும் சில நிமிடத்துக்கு ஒருமுறை எழுதணும். குட்டி தன் சூட்டைத் தானே காக்கத் தெரியாத வயசு, எடை பார்க்கும் நேரம் தவிர ஜாக்கெட்டுக்குள் மார்போடு இருக்கட்டும். கடைசியில் குட்டிகளைத் தாயின் வயிற்றோடு சேர்த்துக் கிடத்தி, வாசலைக் கிளையாலும் பனியாலும் மூடணும்.

தெற்குச்சரிவு:
யாரும் கேட்கலை, இருந்தாலும் புதுசா வர்ற பிள்ளைகளுக்காகச் சொல்றேன். கோடைப் பணிக்கான அறிவிப்புகள் குளிர்காலத்திலேயே வர ஆரம்பிச்சிடும். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் இணைய வேலைப் பலகையை அப்போதிருந்தே பாருங்க. மே மாதம் தேடினால் மிச்சம் மீதிதான். சம்பளமா தன்னார்வமா, தங்குமிடம் உண்டா, வண்டி யாருடையது, இதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்குங்க. எஃப்-1 என்ற அமெரிக்க மாணவர் விசாவில் இருந்தால் வளாகத்துக்கு வெளியே சம்பள வேலைக்கு சிபிடி (படிப்போடு சேர்ந்த பயிற்சி) அல்லது ஓபிடி (படிப்புத் துறையில் தற்காலிக வேலைப் பயிற்சி) அனுமதி கைக்கு வரும்வரை பயிற்சி நாளுக்குக்கூடப் போகாதீங்க, படிப்பே போயிடும். உண்ணிக்குப் பேண்ட்டை சாக்ஸுக்குள் செருகணும். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி துணிக்கு மட்டும், தோலில் கூடாது. கரடி ஸ்ப்ரே (கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பான்) இடுப்பில் தொங்கணும்; பைக்குள் கிடந்தால் எடுப்பதற்குள் காரியம் முடிஞ்சிடும்.

முள்கம்பி:
ஓக்கொட்டை, பள்ளத்தை அடைப்பது சரி. மேட்டைக் கொத்துவது தப்பு. தேசியப் பூங்காவில் ஆய்வு அனுமதியில் எழுதாத மண்வேலை விதிமீறல், மொத்த ஆய்வுக்கும் சிக்கல் வரும். மேடு இருந்தால் கம்பியை வேற மரத்துக்கு மாத்துங்க.